அங்க அடையாளம்

பள்ளிக்கூடத்து இறுதி வகுப்பில் படித்தவர்களுக்கெல்லாம் இந்த அனுபவம் இருக்கும். ஒருநாள் வகுப்பாசிரியர் ஒரு பெரிய பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு பையன்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். "மச்சம் எங்கேடா இருக்கு? ரெண்டு காட்டு" என்பார். பையன் சட்டைக் கையைச் சுருட்டுவான், கழுத்தைத் திருப்புவான், காலைத் தூக்கி நாற்காலியின் ஓரத்தில் வைப்பான். ஒரே ஒரு மச்சம்தான் அகப்பட்டதென்றால், மாமரத்திலிருந்து விழுந்த தழும்பு இரண்டாவது இடத்தைப் பூர்த்தி செய்யும். ஒன்றுமே இல்லாத பையன் பரீட்சையில் தோற்றவனைப் போல விழித்துக்கொண்டு நிற்பான். அப்போது பக்கத்தில் நிற்கும் நண்பன், "சார், இவன் முதுகிலே ஒண்ணு இருக்கு. குளத்திலே குளிக்கிறப்போ பார்த்திருக்கேன்" என்று சாட்சி சொல்லிக் காப்பாற்றுவான். அன்று எழுதப்பட்ட அந்த இரண்டு வரிகள் சான்றிதழில் ஏறி, ஆயுள் முழுவதும் கூடவே வரும்.

சர்க்காருக்கு மச்சம் ஓர் அத்தாட்சி. 'இவன் இவனேதான், வேறு ஒருவன் அல்ல' என்பதற்கு உடம்பே போட்டுக்கொடுத்த கையெழுத்து. ஜோசியருக்கோ அது ஜாதகத்தின் அனுபந்தம். வலது புஜத்தில் இருந்தால் இன்ன பலன், உள்ளங்காலில் இருந்தால் இன்ன பலன் என்று விஸ்தாரமாகச் சொல்வார். எடுத்த காரியமெல்லாம் பலிக்கிறவனை 'மச்சக்காரன்' என்று நாம் சொல்லும்போது, பொறாமையும் பாராட்டும் பாதிப் பாதியாக இருக்கும். நாக்கில் கறுப்புப் புள்ளி இருப்பவன் வாயிலிருந்து என்ன வந்துவிடுமோ என்று ஊரே பயப்படும். 'கருநாக்குக்காரன்' என்று அவனுக்குத் தனிப் பட்டமே உண்டு.

எங்களைப் போன்ற கதைக்காரர்களும் மச்சத்திடம் கடன்பட்டவர்கள்தாம். திருவிழாக் கூட்டத்தில் காணாமற்போன தம்பி, இருபது வருஷம் கழித்து அண்ணனிடம் வந்து சேர வேண்டுமானால் எங்களுக்கு வேறு என்ன வழி இருக்கிறது? ஷேக்ஸ்பியரே இந்த வழியில் போயிருக்கிறார். 'சிம்பலின்' என்ற நாடகத்தில் தூங்குகிற கதாநாயகியின் மார்பில் ஒரு மச்சம் இருப்பதைத் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்ட வஞ்சகன், அதையே அவளுடைய கற்புக்கு எதிரான சாட்சியமாக அவள் கணவனிடம் சொல்கிறான். அதே நாடகத்தின் கடைசியில், காணாமற்போன ராஜகுமாரனை அவன் கழுத்திலுள்ள மச்சத்தைக் கொண்டு அடையாளம் கண்டுபிடிக்கிறார்கள். ஒரே நாடகத்தில் ஒரு மச்சம் பொய் சொல்லப் பயன்படுகிறது. இன்னொரு மச்சம் உண்மை சொல்லப் பயன்படுகிறது. மச்சத்தின் குணம் மச்சத்தில் இல்லை, அதைப் பார்க்கிற கண்ணில் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு ருசு வேண்டாம்.

ஆனால், இந்த மரியாதையெல்லாம் கடுகளவு, மிளகளவு மச்சத்துக்குத்தான். அதே அடையாளம் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாகவோ நீலமாகவோ ஒரு குழந்தையின் முகத்தில் படர்ந்திருந்தால், அங்கே சாஸ்திரம் ஓய்ந்து விசாரணை தொடங்கிவிடுகிறது. குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவள் எப்போதும் ஒருத்திதான். பெற்றவள்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கப் போயிருந்தோம். குழந்தை பிறந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. வலது கண்ணின் மேல் இமையில், குங்குமத்தைக் குழைத்து வைத்தாற் போல, ஒரு சிவப்புத் தடிப்பு. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் அதைப் பார்த்தார்கள். பிறகு குழந்தையைப் பார்த்தார்கள். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார்கள். மாமியார் நல்ல மனுஷிதான். ஆனால் அன்றைக்கு அவர் கேட்ட கேள்விகள் போலீஸ் ஸ்டேஷனில்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

"ஏம்மா, கிரகணத்தன்னைக்கு வெளியே கிளியே வந்தியா?"

"இல்லே அத்தை."

"காய் நறுக்கினியா? கத்தரிக்கோலைத் தொட்டியா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

அந்தப் பெண் யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுவாள் போலிருந்தது. அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த அவளுடைய சித்தி, நர்ஸ் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், மெதுவாகச் சொன்னார்: "சம்பந்தியம்மா, அது ஏன் வந்ததுன்னு அப்புறம் விசாரிச்சுக்கலாம். அது என்னன்னு முதல்லே தெரிஞ்சுக்கலாமே. பொறந்தப்பவே இருந்ததா, அப்புறம் வந்ததா?"

'ஏன் வந்தது' என்பது ஒரு கேள்வி. 'என்ன அது' என்பது வேறு கேள்வி. முதல் கேள்வியிலேயே நாம் செலவழித்துவிடுகிற நாட்கள், இரண்டாவது கேள்விக்குச் சேர வேண்டியவை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

தாயைக் கூண்டில் ஏற்றுவது நம் நாட்டு வழக்கம் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். பிறவி அடையாளத்துக்குப் பிரெஞ்சு மொழியில் 'ஆன்வி' என்றும், இத்தாலிய மொழியில் 'வோல்யா' என்றும், ஸ்பானிய மொழியில் 'அந்தோஹோ' என்றும் பெயர். மூன்றுக்கும் பொருள் ஒன்றே: ஆசை. மசக்கைக்காரி எதற்கோ ஆசைப்பட்டாள்; கிடைக்கவில்லை; அது குழந்தையின் மேல் முத்திரையாக விழுந்துவிட்டது என்பது அங்கேயுள்ள பாட்டிமார்களின் தீர்ப்பு. இங்கே கிரகணம், அங்கே நாவின் சபலம். குற்றச்சாட்டு மாறுகிறதே தவிர, குற்றவாளி மாறவில்லை.

உண்மை என்ன? முகத்தில் திராட்சை ரசத்தைக் கொட்டினாற் போல் படர்கிற சிவப்புக் கறை ஒன்று உண்டு. 'போர்ட் ஒயின்' கறை என்று டாக்டர்கள் சொல்வார்கள். ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் மூவருக்கு இது இருக்கிறது. இதன் காரணத்தை 2013-ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார்கள். கரு வளரும்போது ஒரே ஓர் உயிரணுவில், ஒரு மரபணுவில், ஓர் எழுத்து பிசகிவிடுகிறது. அந்த ஓர் அணுவின் சந்ததிகள் பரவிய இடத்தில் மட்டும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் அகன்று போகின்றன. தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ வந்த பிசகு அல்ல; அடுத்த குழந்தைக்குப் போகிற பிசகும் அல்ல. பெரிய புத்தகம் ஒன்றை அச்சுக் கோக்கும்போது எங்கோ ஓர் எழுத்து மாறிவிடுவதுபோல. அதற்காக ஆசிரியரைக் கோர்ட்டுக்கு இழுப்பவர் உண்டா? கிரகணத்தையோ கத்தரிக்கோலையோ கொண்டு ஒரு மரபணுவின் எழுத்தை மாற்ற முடியாது.

இனி, 'என்ன அது' என்ற கேள்விக்கு வருவோம்.

நம் நாட்டில் பிறக்கிற குழந்தைகளில் மிகப் பலருக்கு இடுப்புக்குக் கீழே சாம்பல் கலந்த நீலத்தில் ஒரு திட்டு இருக்கும். குளிப்பாட்டுகிற பாட்டிக்கு அது நன்றாகத் தெரியும். ஜப்பானில் வைத்தியம் கற்பித்துக் கொண்டிருந்த பெல்ட்ஸ் என்ற ஜெர்மானிய டாக்டர் 1885-இல் இதை வர்ணித்து 'மங்கோலியப் புள்ளி' என்று பெயர் வைத்தார். மங்கோலியருக்கு மட்டும் உரியதல்ல என்பது பிறகு தெரிந்தது. நிறம் தருகிற அணுக்கள் கருவின் முதுகுப் புறத்திலிருந்து தோலின் மேல்தட்டை நோக்கிப் பிரயாணம் செய்கின்றன. அவற்றில் சில, வழியிலேயே ஆழத்தில் தங்கிவிடுகின்றன. ஆழத்திலுள்ள கறுப்பு மேலிருந்து பார்க்கும்போது நீலமாகத் தெரிகிறது. கொரியாவில், 'குழந்தையைச் சீக்கிரம் வெளியே போ என்று பிரசவ தேவதைப் பாட்டி பின்புறத்தில் தட்டினாள். அந்தத் தடம்தான் இது' என்பார்களாம். ஜப்பானியர்கள் அனுபவம் போதாத இளைஞனை 'பின்புறம் இன்னும் நீலமாக இருக்கிறது' என்று கேலி செய்வார்களாம். இந்தத் திட்டுக்கு மருந்து வேண்டாம். பெரும்பாலும் சில வருஷங்களில் தானே மங்கிவிடும். வெளிநாட்டில் பிள்ளை பெறுகிற நம்மவர்கள் ஒன்று மட்டும் செய்துகொள்ள வேண்டும். பிறந்தவுடனே ஆஸ்பத்திரிக் குறிப்பில் இதை எழுதச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், குழந்தையை யாரோ அடித்த கன்றல் இது என்று பிற்பாடு சந்தேகப்படுவார்கள்.

பிடரியிலும் நெற்றியிலும் இளஞ்சிவப்பாகத் தெரிகிற திட்டும் இப்படித்தான். நெற்றியில் இருப்பது ஒன்றிரண்டு வருஷத்தில் பெரும்பாலும் மறைந்துவிடும். பிடரியில் இருப்பது தங்கினாலும் தலைமுடிக்குள் ஒளிந்துகொள்ளும். இவற்றுக்காக ஒருவரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால், நர்ஸ் சித்தி கேட்டாரே, 'பொறந்தப்பவே இருந்ததா, அப்புறம் வந்ததா' என்று, அந்தக் கேள்வியில்தான் சூட்சுமம் இருக்கிறது. பிறந்தபோது இல்லாமலோ, லேசான நிழலாகவோ இருந்து, சில வாரங்களில் சிவந்து தடித்து வளர்கிற ஓர் அடையாளம் உண்டு. ஸ்ட்ராபெரிப் பழத்தைப் போல இருப்பதால் அந்தப் பெயராலேயே வழங்குகிறார்கள். ரத்தக் குழாய்களால் ஆன கட்டி அது, புற்றுநோய் அல்ல. பெண் குழந்தைகளுக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கும் அதிகம். முதல் மூன்று மாதத்தில் மிக வேகமாக வளரும். ஐந்தாம் மாதத்துக்குள் வளர்ச்சி பெரும்பாலும் நின்று, பிறகு மெல்ல மெல்லச் சுருங்கும். நாலு வயதுக்குள் அநேகமாக வடிந்துவிடும். ஆகையால், முதுகிலோ தொடையிலோ சிறிதாக இருந்தால் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும்.

இமையின் மேல் இருந்தால் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கண் பார்வை குழந்தையோடு பிறந்து முடிந்துவிடுகிற விஷயம் அல்ல. வெளிச்சத்தையும் உருவங்களையும் பார்த்துப் பார்த்துத்தான் மூளை பார்க்கக் கற்றுக்கொள்கிறது. கட்டி கண்ணை மூடினால் அந்தக் கண் படிப்பை இழந்துவிடுகிறது. கட்டி பிறகு தானே மறைந்து என்ன பிரயோஜனம்? தாடையையும் கழுத்தையும் சுற்றிப் பெரிதாக இருந்தால் மூச்சுக் குழாயிலும் இருக்கக்கூடும். உதட்டில் இருந்தால் புண்ணாகிப் பால் குடிப்பது தடைப்படலாம். முதுகின் அடியில் நடுக்கோட்டில் பெரிதாக இருந்தால் தண்டுவடத்தையும் பரிசோதிக்க வேண்டும். இப்படிப்பட்ட குழந்தைகளை ஒரு மாதத்துக்குள்ளேயே நிபுணரிடம் காட்டிவிடுவது நல்லது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2019-இல் வெளியிட்ட நெறிமுறை சொல்கிறது. ஒரு மாதம்! கிரகண விசாரணைக்கே நம் வீடுகளில் ஒரு மாதம் போதாது.

இந்தக் கட்டிக்கு மருந்து கிடைத்த கதை ஒரு சிறுகதைக்குச் சமானம். பிரான்சில் போர்தோ நகரத்து ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தைக்கு மூக்கில் இப்படி ஒரு கட்டி. அந்தக் காலத்து வழக்கப்படி ஸ்டீராய்டு கொடுத்து வந்தார்கள். குழந்தைக்கு இருதயத்தில் கோளாறு கண்டது. அதற்காகப் 'புரோப்ரனலால்' என்ற பழைய மருந்தைக் கொடுத்தார்கள். 1960-களில் ஜேம்ஸ் பிளாக் என்ற விஞ்ஞானி உண்டாக்கிய இருதய மருந்து அது. அவருக்கு 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது. மருந்து கொடுத்த மறுநாள் டாக்டர்கள் பார்த்தார்கள்: கட்டியின் சிவப்பு குறைந்து, தொட்டால் மிருதுவாக இருந்தது! இருதயத்துக்கு அனுப்பிய தபால் மூக்குக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. லியோத்தே-லாப்ரெஸ் என்ற பெண் டாக்டரும் அவருடைய சகாக்களும் 2008-இல் இதை உலகுக்கு அறிவித்தார்கள். இன்று இந்தக் கட்டிக்கு முதல் மருந்தாக இருப்பது அதுதான்.

நான் சொன்ன குழந்தைக்கும் டாக்டர் அதையே கொடுத்தார். நாடித் துடிப்பைப் பரிசோதித்து, எடைக்குத் தக்கபடி அளவு கணக்கிட்டு, பால் குடித்த பிறகே கொடுக்க வேண்டும் என்று எச்சரித்தார்; வெறும் வயிற்றில் கொடுத்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடுமாம். குழந்தை பால் குடிக்காத நாளில் மருந்தையும் நிறுத்திவிட வேண்டுமாம். சித்தி நாட்காட்டித் தாளில் வேளை தவறாமல் குறித்து வந்தார். சில மாதங்களில் இமை முழுசாகத் திறந்தது. மாமியார் திருப்பதிக்கு முடிந்து வைத்த காணிக்கையையும் செலுத்தினார். அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

போர்ட் ஒயின் கறை வேறு ஜாதி. அது பிறக்கும்போதே இருக்கும், தானே மறையாது, குழந்தையோடு கூடவே வளர்ந்து, வயதாக ஆகக் கறுத்துத் தடிக்கும். நெற்றியையும் மேல் இமையையும் பிடித்திருந்தால் கண்ணின் அழுத்தத்தையும் மூளையையும் பரிசோதித்துக்கொள்வது அவசியம்; சில குழந்தைகளுக்கு வலிப்பு வரலாம். இந்தக் கறையைப் போக்க மனிதர்கள் செய்யாத முயற்சி இல்லை. கத்தியால் எடுத்தார்கள். உறைந்த கரியமில வாயுவால் சுட்டார்கள். தோல் நிறத்தில் பச்சை குத்தி மறைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ரேடியத்தையும் வைத்தார்கள். குழந்தைகளின் ஸ்ட்ராபெரிக் கட்டிக்கும் அதே ரேடியம்தான். அப்படிச் சிகிச்சை பெற்றவர்களுக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் அபாயம் கூடியிருந்ததை ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். அடையாளத்தைவிட வைத்தியம் ஆபத்தாக இருந்த காலம் அது.

1983-இல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் ஒரு நுட்பமான யோசனையை வெளியிட்டார்கள். ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு விதமான ஒளியை விழுங்குகிறது. ரத்தத்தின் சிவப்பு விழுங்கக்கூடிய மஞ்சள் ஒளியைக் கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவாகப் பாய்ச்சினால், குழாய் மட்டும் சுடும்; சுற்றியுள்ள தோல் சுடுவதற்குள் ஒளி அணைந்துவிடும். இதுதான் இன்றைய லேசர் சிகிச்சைக்கு அஸ்திவாரம். ஒரு தடவையில் முடியாது. பல தடவை போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் அந்த இடம் சில நாட்கள் ஊதா நிறமாகக் கன்றியிருக்கும். நன்றாக மங்கும், முழுவதும் மறைவது அபூர்வம். நம்மைப் போன்ற மாநிறத்தவர்கள் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் தோலின் கறுப்பும் அந்த ஒளியில் ஒரு பங்கை விழுங்கிவிடும். ஆகையால் தோலைக் குளிரவைத்து, அளவறிந்து செய்கிற கை வேண்டும். இல்லாவிட்டால் சிவப்புப் போன இடத்தில் வெளுப்பும் கறுப்பும் குடிவந்துவிடும். சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து மச்சத்தைச் சுட்டெடுக்கிற கைவைத்தியத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அதனால் வந்த தழும்புகள் சொல்லும்.

எழுத்தாளர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு டாக்டரும் இந்தச் சரித்திரத்தில் இருக்கிறார். கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும் நீலமாகப் படர்ந்து, சில சமயம் வெள்ளை விழியிலும் நிழல் விழுத்துகிற ஓர் அடையாளம் உண்டு. ஆசிய நாட்டுப் பெண்களிடம் அதிகம். 'ஓட்டாவின் மச்சம்' என்று அதற்குப் பெயர். 1930-களின் கடைசியில் அதை வர்ணித்தவர் மசாவோ ஓட்டா என்ற ஜப்பானியத் தோல் நிபுணர். பகலில் நோயாளிகளின் தோலை ஆராய்ந்த அந்த மனிதர், கினோஷிதா மொகுதாரோ என்ற புனைபெயரில் கவிதையும் நாடகமும் எழுதினார். 1945-இல் இறப்பதற்கு முந்தைய யுத்த காலத்தில் செடி செடியாக உட்கார்ந்து பூக்களின் படம் வரைந்து கொண்டிருந்தார். இலையையும் இதழையும் பார்த்த அதே பொறுமையோடுதான் அவர் முகங்களையும் பார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் காலத்தில் அந்த நீலத்துக்கு நல்ல வழி கிடையாது. இன்று லேசரால் பலருக்கு அது மங்கிவிடுகிறது.

வழி இருக்கிறது என்பதற்காக எல்லாரும் அந்த வழியில் போகத்தான் வேண்டுமா? இது டாக்டரின் கேள்வி அல்ல, நம் கேள்வி. அமெரிக்க எழுத்தாளர் ஹாதார்ன் 1843-இல் 'பிறவிக் குறி' என்று ஒரு கதை எழுதினார். மனைவியின் கன்னத்தில் சிறு கை வடிவில் இருக்கும் அடையாளத்தைச் சகிக்க முடியாத விஞ்ஞானி ஒருவன், அதைப் போக்க மருந்து தயாரித்துக் கொடுக்கிறான். அடையாளம் மறைகிறது, மனைவியும் மறைந்துவிடுகிறாள். அவள் அந்த அடையாளத்தோடு சுகமாகவே வாழ்ந்தவள். அவன் முகம் சுளித்துப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் அவளுக்கு அது பாரமாயிற்று. கோர்ப்பசேவ் 1985-இல் சோவியத் தலைவரானபோது, அவருடைய நெற்றியிலிருந்த சிவப்புக் கறையை அதிகாரபூர்வமான படங்களில் அழித்துவிட்டு அச்சிட்டார்கள். அவரோ அதை மறைக்காமல் உலகமெல்லாம் சுற்றினார். படத்தில் அழித்தவர்களுக்குத்தான் வெட்கம், அவருக்கு இல்லை.

கண்ணுக்கோ மூச்சுக்கோ கெடுதல் என்றால் பெற்றோர் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. போர்ட் ஒயின் கறைக்குச் சிறு வயதிலேயே லேசர் தொடங்கினால் பலன் அதிகம் என்பதையும் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். மற்றபடி, அழகுக்காக மட்டும் செய்கிற சிகிச்சையைச் சம்பந்தப்பட்டவரே கண்ணாடியைப் பார்த்துத் தீர்மானிக்கட்டும். 'வேண்டும்' என்று ஒரு பெண் சொன்னால் அது பகட்டு அல்ல. 'வேண்டாம்' என்று சொன்னால் அது பிடிவாதமும் அல்ல. கல்யாணச் சந்தையில் விலை குறையுமே என்று பயந்து மற்றவர்கள் எடுக்கிற முடிவுதான் விகாரமானது. பையனுக்கு இருந்தால் மச்சக்காரன், பெண்ணுக்கு இருந்தால் மாசு என்று சொல்கிற நாக்கைக் கருநாக்கு என்று சொன்னால் தகும்.

குழந்தையைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, சட்டை மாட்டியவுடன் நம் பாட்டிமார்கள் கடைசியாக என்ன செய்கிறார்கள்? மையைத் தொட்டுக் கன்னத்தில் பெரிதாக ஒரு பொட்டு வைக்கிறார்கள். குறையே இல்லாத அழகைப் பார்த்தால் கண் பட்டுவிடும், ஆகையால் ஒரு குறை இருக்கட்டும் என்று தங்கள் கையாலேயே ஓர் அடையாளத்தை உண்டாக்குகிறார்கள். அந்தப் பொட்டு அழியாமல் இருக்க வேண்டுமே என்று கவலை வேறு. அவ்வளவு அன்போடு தினமும் ஒரு மச்சத்தை வைக்கத் தெரிந்த கைகள், இயற்கை வைத்து அனுப்பிய ஒன்றைக் கண்டு ஏன் பெற்றவளை நோக்கி விரலை நீட்ட வேண்டும்? அந்த விரல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டட்டும். 'ஒன்றும் இல்லை, போங்கள்' என்று டாக்டர் சொல்லிவிட்டால், திரும்பி வந்து வழக்கம்போல மைப்பொட்டு வைக்கட்டும்.